விலங்குகளின் தொடக்கத்தை ஆராய எந்த ஒருசெல் உயிரியை வளர்ப்பது?

விலங்குகளுக்கெல்லாம் மூதாதையான அந்த ஒருசெல் உயிரி இன்று இல்லை. புதைபடிவமாகவும் கைக்குக் கிடைக்கவில்லை. அது மறைந்து 60 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. எனவே இந்தத் துறையில் ஆய்வகம் தொடங்குபவரும், முனைவர் பட்டத்துக்கு இதைத் தலைப்பாக எடுப்பவரும் அந்த மூதாதையின் வேறு வாரிசுகள் எதையாவது வளர்த்துத்தான் விடை தேட வேண்டும். எதை வளர்ப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஒவ்வோர் உயிரிக்கும் தனி ஊடகம், தனி வெப்பநிலை, தனி மரபணுக் கருவிகள். நடுவில் மாற்றினால் கற்றதில் பாதி வீண்.

வழக்கமாகக் கிடைக்கும் அறிவுரை, "பரிணாம மரத்தில் விலங்குகளுக்கு மிக நெருங்கியது எதுவோ அதை எடு" என்பது. இதில் பாதிதான் உண்மை. நெருங்கிய உறவும் நம்மைப் போலவே இத்தனை கோடி ஆண்டுகள் தன் போக்கில் மாறி வந்ததுதான். அது எதைத் தொலைத்தது, எதைப் புதிதாகச் சேர்த்தது என்பது குலத்துக்குக் குலம் வேறுபடும். இன்டெக்ரின் இதற்கு நல்ல சான்று. விலங்குச் செல்கள் தம்மைச் சுற்றியுள்ள புறச்செல் பொருளைப் பற்றிக்கொள்ள இந்தப் புரதங்கள்தான் வேண்டும். நமக்கு மிக நெருங்கிய கோயனோஃபிளாஜெலேட் குழுவில், 2008இல் முதலில் மரபணுத்தொகை வாசிக்கப்பட்ட மோனோசிகா பிரெவிகாலிஸ் என்ற இனத்தில் இன்டெக்ரின் கிடைக்கவில்லை. அதை மட்டும் பார்த்தவர் இன்டெக்ரினை விலங்குகளின் சொந்தக் கண்டுபிடிப்பு என்று எழுதியிருப்பார். ஒரு படி தள்ளிய உறவான கேப்சாஸ்போராவில் அந்தத் தொகுதி ஏறக்குறைய முழுமையாக இருப்பது 2010இல் தெரியவந்தது. மூதாதையிடம் இருந்ததை மோனோசிகாவின் வழி இழந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஆகவே நெருக்கத்தை மட்டும் அளவுகோலாக வைக்காதீர்கள். உங்கள் கேள்வி எந்தக் கட்டத்தைப் பற்றியது? செல்கள் பிரிந்த பின்னும் ஒட்டியே இருப்பதா, ஒரே மரபணுத்தொகையை வைத்துக்கொண்டு வெவ்வேறு செல் வகைகளாவதா, ஒரு பெரிய செல் கருமுட்டைபோல் பலவாகப் பிளப்பதா? கேள்வி மாறினால் உயிரியும் மாறும்.

கோயனோஃபிளாஜெலேட்: பாக்டீரியாவும் கூடவே வரும்

சில மைக்ரான் நீளமுள்ள முட்டை வடிவச் செல். உச்சியில் ஒரே ஒரு கசையிழை, அதைச் சுற்றி வேலிபோல் 30, 40 நுண்விரல்கள். கசையிழை அடிக்கும்போது நீர் இழுபட்டு வர, அதில் வரும் பாக்டீரியாக்கள் வேலியில் சிக்குகின்றன. கடற்பஞ்சின் உள்ளறைகளில் இரை பிடிக்கும் செல்களும் இதே உருவம்தான் என்பதை அமெரிக்க இயற்கை ஆய்வாளர் ஹென்றி ஜேம்ஸ்-கிளார்க் 1866இலேயே குறித்துவிட்டார். இந்தக் குழு விலங்குகளின் உடன்பிறந்த கிளை என்பது இன்று மரபணு ஒப்பீட்டால் உறுதி. உருவ ஒற்றுமை பொது மூதாதையிடமிருந்து வந்ததா, தனித்தனியே உருவானதா என்ற வாதம் மட்டும் இன்னும் ஓயவில்லை.

வளர்க்கச் சிறந்த இனம் சால்பிங்கோயிகா ரோசெட்டா. இதன் மரபணுத்தொகை 2013இல் வெளியானது: சுமார் 5.5 கோடி எழுத்துகள், 11,600 மரபணுக்கள். இது தனிச் செல்லாக நீந்தும், கிண்ணம் போன்ற உறை சுரந்து தரையில் ஒட்டும், சங்கிலியாகும், கசையிழைகள் வெளிநோக்கிய ரோஜா வடிவப் பந்தாகவும் ஆகும். ஆய்வாளர்கள் தேடுவது இந்தக் கடைசி வடிவத்தை. பந்திலுள்ள செல்கள் எங்கிருந்தோ வந்து சேர்ந்தவை அல்ல. ஒரே தாய்ச்செல் பிரிந்து பிரிந்து, விலகாமல் நின்றவை. செல் பிரிதலை அஃபிடிகோலின் என்ற மருந்தால் நிறுத்தினால் பந்து உருவாவதும் நிற்கிறது. விலங்குக் கருவும் ஒரு செல்லிலிருந்து பிரிந்துதான் வளர்கிறது என்பதால் இந்த இனத்துக்கு இத்தனை மதிப்பு.

பந்து தானாக உருவாவதில்லை. இந்த வளர்ப்பிலிருந்து பாக்டீரியாக்களைக் குறைக்க நுண்ணுயிர்க்கொல்லி போட்டபோது, சில வளர்ப்புகளில் பந்துகள் காணாமல் போயின. அல்கோரிஃபாகஸ் மச்சிபோங்கோனென்சிஸ் என்ற பாக்டீரியாவைத் திரும்பச் சேர்த்ததும் மீண்டும் வந்தன. தூண்டுபொருள் அதன் சவ்விலுள்ள ஆர்.ஐ.எஃப்-1 என்ற சல்ஃபோனோலிப்பிட் (கந்தகம் கொண்ட ஒரு கொழுப்புப் பொருள்) என்று 2012இல் அறியப்பட்டது. நம்ப முடியாத அளவு குறைந்த செறிவில், ஃபெம்டோமோலார் அளவிலேயே, அது வேலை செய்கிறது. ஆனால் அதை மட்டும் தூய்மையாக்கிச் சேர்த்தால் சில பந்துகளே கிடைக்கும். முழு வீரியத்துக்கு அதே பாக்டீரியாவின் வேறு லிப்பிடுகளும் கூட வேண்டும். தூண்டலைத் தடுக்கும் லிப்பிடும் அதே பாக்டீரியாவில் உண்டு. பிரித்தெடுத்த பொருளை வைத்து அளவுகளை ஒப்பிடத் திட்டமிடுபவர் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

நடைமுறையில், எக்கினிகோலா பசிஃபிகா என்ற ஒரே பாக்டீரியாவை இரையாகக் கொண்ட வளர்ப்பிலிருந்து தொடங்குவதே நல்லது. அந்த இரை பந்தைத் தூண்டாது. எனவே தூண்டுபொருளைச் சேர்ப்பதும் விடுவதும் உங்கள் கையில் இருக்கும். ஊடகம் செயற்கைக் கடல்நீரும் தானியப்புல் கசாயமும். வெப்பநிலை 22 டிகிரி. சத்து அதிகமானால் பாக்டீரியா பெருகி, நீர் கலங்கி, ஆக்சிஜன் தீர்ந்து வளர்ப்பு ஓரிரவில் சரியும். சத்து குறைந்தால் செல்கள் உறை கட்டிக்கொண்டு அடியில் ஒட்டும். பட்டினி நீண்டால் ஒற்றைத் தொகுதிச் செல்கள் (ஒவ்வொரு மரபணுவும் ஒரே பிரதியாக உள்ளவை) இணைந்து இரட்டைத் தொகுதியாகிவிடும். விகாரிகளை, அதாவது மரபணு மாறிய செல்களைத் தேடுபவருக்கு இது பெரிய தொல்லை: இரட்டைத் தொகுதியில் ஒரு பிரதி கெட்டாலும் மற்றது மறைத்துவிடும். எனவே வளர்ப்பு எப்போதும் பெருக்க நிலையில் இருக்கும்படி ஓரிரு நாளுக்கு ஒருமுறை நீர்த்து மாற்றுங்கள். நல்ல நிலையில் இருக்கும்போதே உறையும்போது செல்லைக் காக்கும் டி.எம்.எஸ்.ஓ. 10 விழுக்காடு சேர்த்துத் திரவ நைட்ரஜனில் நகல் வைத்துவிடுங்கள்.

எண்ணும்போதும் ஒரு பொறி இருக்கிறது. செல்கள் அடர்ந்த வளர்ப்பில் தனிச் செல்கள் சும்மா கூடி நிற்பதும் பந்துபோலவே தெரியும். அதனால் மாதிரியை வோர்டெக்ஸ் கலக்கியில் குலுக்கிய பிறகே எண்ண வேண்டும். சங்கிலிகளும் வெறும் கூட்டங்களும் சிதறிவிடும். உண்மைப் பந்து தாங்கும். நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட செல்கள் ஒன்றாக நின்றால்தான் பந்து என்பது நிலைபெற்ற வரையறை.

மரபணுக் கருவிகள் இப்போது இந்த இனத்துக்கு நன்றாகவே உள்ளன. டி.என்.ஏ.வைச் செல்லுக்குள் செலுத்தும் முறை 2018இலும், கிரிஸ்பர் திருத்தம் 2020இலும் வந்தன. செல்லைச் சுற்றியுள்ள பொருளைப் பப்பாயின் நொதியால் தளர்த்திவிட்டு மின்துடிப்பு கொடுக்கிறார்கள். திருத்தம் ஏறியவற்றைப் பிரிக்க, ஒரு ரைபோசோம் புரத மரபணுவிலும் கூடவே சிறு மாற்றம் செய்து சைக்ளோஹெக்சிமைடு எதிர்ப்பை உண்டாக்குவார்கள். அந்த மருந்தில் பிழைத்தவற்றில் தேடினால் வேலை பல மடங்கு சுருங்கும். சிறு ஆர்.என்.ஏ. கொண்டு மரபணுவை அடக்கும் ஆர்.என்.ஏ. குறுக்கீட்டை நம்பித் திட்டம் போடாதீர்கள். அதற்கான டைசர், ஆர்கோனாட் புரதங்கள் இந்த இனத்தில் இல்லை.

இதன் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். இரையாகப் பாக்டீரியா இல்லாமல் இதை வளர்க்க முடியாது. நீங்கள் போடும் மருந்து செல்லைத் தாக்கியதா, அதன் சாப்பாட்டைத் தாக்கியதா என்ற சந்தேகம் ஒவ்வொரு சோதனையிலும் இருக்கும். பாக்டீரியாவை மட்டும் தனியே அதே மருந்தில் வளர்த்து அளக்காத முடிவை நம்பக் கூடாது. இன்னொன்று, பந்துக்குத் தேவை என்று முதலில் கண்ட ரோசெட்லெஸ் மரபணு சர்க்கரையைப் பற்றும் ஒரு லெக்டின் புரதத்தைத் தருகிறது. விலங்குகள் தம் செல்களை ஒட்டவைக்கும் முதன்மைக் கருவி அது அன்று. பந்து கருவின் முன்னோடி என்று படம் வரைவது எளிது. என் கணிப்பில் அதை ஒப்பாக வைத்துக்கொள்ளலாம், மூதாதையின் நேரடி மிச்சம் என்று எழுத இன்னும் ஆதாரம் போதாது.

இதே குழுவில் கோயனேகா ஃப்ளெக்சாவும் உண்டு. கரீபியக் கடலின் கியூரசாவ் தீவில் பாறைக்குழி நீரில் கிடைத்து, 2019இல் வெளியுலகுக்குத் தெரிந்தது. இதன் கூட்டம் குழிந்த தகடு. வெளிச்சத்தில் கசையிழைகள் உள்நோக்கி இருக்க நிதானமாக இரை தின்னும். வெளிச்சம் குறைந்த சில விநாடிகளில் தகடு மொத்தமாகப் புரண்டு, கசையிழைகள் வெளியே வர வேகமாக நீந்தும். பல செல்கள் ஒரே நேரத்தில் சுருங்கித் திசு வளைவது, கருவில் நடக்கும் மடிப்பை நினைவூட்டும். தசையும் நரம்பும் வருமுன் ஒருங்கிணைந்த அசைவு எப்படி இருந்திருக்கும் என்று கேட்பவருக்கு இதைவிடப் பொருத்தமான உயிரி எனக்குத் தெரியவில்லை. ஆனால் இங்கும் பாக்டீரியா பொறிதான்: ஒளியை உணரும் ரோடாப்சினுக்கு வேண்டிய ரெட்டினாலை இது தானே செய்வதில்லை, இரையிடமிருந்து பெறுகிறது. ஒரே வகைப் பாக்டீரியா மட்டும் இருக்கும்படி வளர்ப்பைச் சுத்தப்படுத்தியபோது ஒளிக்குப் புரள்வதே நின்றுபோனது; ரெட்டினால் சேர்த்ததும் திரும்பியது.

கேப்சாஸ்போரா: ஒட்டுவது வேறு விதம், கற்பது அதிகம்

கேப்சாஸ்போரா ஓவ்சார்சாக்கி ஓர் அமீபா. பயோம்ஃபலாரியா என்ற நன்னீர் நத்தையின் உடற்திரவத்தில் கிடைத்தது. மெல்லிய நீள் இழைகளை நீட்டி ஊர்ந்து திரியும், பட்டினியில் சிஸ்ட்டாக (உறை போர்த்திய உறக்க நிலை) உருளும், சில நிலைமைகளில் ஒன்றோடொன்று கூடித் திரளும். இதன் மிகப் பெரிய வசதி, பாக்டீரியாவே இல்லாமல் தூய வளர்ப்பாக வளர்வது. பெப்டோன், ஈஸ்ட் சாறு போன்றவற்றோடு 10 விழுக்காடு கருக்கன்றுச் சீரம் சேர்த்த ஊடகம், 23 டிகிரி, ஒரு சாதாரண செல் வளர்ப்புக் குடுவை. இவ்வளவு போதும். உயிர்வேதியியல் அளவீடு எதுவும் முதல் நாளிலிருந்தே சுத்தமாக வரும்.

இதை ஒதுக்குபவர்கள் சொல்லும் காரணம்: திரள் என்பது தனித்தனிச் செல்கள் கூடுவது, அதில் மரபணு வேறுபட்ட செல்கள் கலந்து, சில உழைக்காமல் பலனை எடுத்துக்கொள்ள இடமுண்டு, விலங்கு அந்த வழியில் வரவில்லை. வாதம் சரிதான், ஆனால் அதனால் இந்த உயிரியைத் தள்ளுவது அவசரம். ஒருசெல் மூதாதை காலத்துக்குக் காலம் உருமாறியது, பின்னர் அதே உருமாற்றங்கள் ஓர் உடலில் ஒரே நேரத்தில் வெவ்வேறு இடங்களில் நிகழ்ந்து செல் வகைகளாயின என்ற கருத்தைச் சோவியத் விலங்கியலாளர் சாக்வாட்கின் 1949இல் முன்வைத்தார். அதைச் சோதிக்க, நிலை மாறும்போது மரபணுக்கள் எப்படி ஏறி இறங்குகின்றன என்று தெளிவாக அளக்க வேண்டும். மூன்று நிலைகளும் தனித்தனியே கைக்கு வரும் கேப்சாஸ்போரா அதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. மரபணுக்களை இயக்கும் புரதங்களில் விலங்குகளுக்கு முக்கியமான பிராக்கியூரி, ரன்எக்ஸ், என்.எஃப்-கப்பா-பி எல்லாம் இதில் உண்டு. ஆனால் 2016இல் இதன் குரோமாட்டினை (டி.என்.ஏ.வும் அதைச் சுருட்டி வைக்கும் புரதங்களும்) வரைபடமாக்கியபோது, விலங்குகளில் மரபணுவிலிருந்து தொலைவில் இருந்துகொண்டு அதை இயக்கும் என்ஹான்சர்கள் தென்படவில்லை. கட்டுப்பாட்டுப் பகுதிகள் எல்லாம் மரபணுவின் அருகிலேயே இருந்தன. புரதங்கள் பழையவை, அவற்றை இயக்கும் தொலைவுக் கட்டுப்பாடு புதியது என்ற படம் இங்கிருந்துதான் தெளிந்தது.

மரபணு நீக்கமும் இப்போது முடிகிறது. இது இரட்டைத் தொகுதி உயிரி. ஆகவே இரண்டு பிரதிகளையும் அடுத்தடுத்து நீக்க வேண்டும், அதனால் நேரம் கூடும். 2022இல் யார்க்கி மரபணுவை இப்படி நீக்கினார்கள். விலங்குகளில் உறுப்பு எவ்வளவு பெரிதாக வளர வேண்டும் என்பதை இது கட்டுப்படுத்துகிறது. நீக்கினால் செல் பெருக்கம் குறையும். கேப்சாஸ்போராவில் பெருக்கம் மாறவில்லை. மாறாக, செல்லின் வடிவமும் உட்சட்டகமும் குலைந்தன, உருண்டையாக இருக்க வேண்டிய திரள் கோணலானது. ஒரு மரபணுவின் இன்றைய வேலையை வைத்து அதன் பழைய வேலையை ஊகிக்கக் கூடாது என்பதற்கு இந்த ஒரு சோதனை போதும்.

தவறு நேரும் இடம் சீரம். திரளத் தூண்டுவது சீரத்திலுள்ள குறை அடர்த்தி லிப்போபுரதமும் கால்சியமும் என்று 2023இல் காட்டப்பட்டது. சீரம் தொகுதிக்குத் தொகுதி மாறும் பொருள். எனவே திரள் சோதனை செய்பவர் ஒரே தொகுதிச் சீரத்தை மொத்தமாக வாங்கி உறையவைத்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் போன மாதத் திரளையும் இந்த மாதத் திரளையும் ஒப்பிடவே முடியாது. செல்கள் பரப்பில் ஒட்டிக்கொள்ளாதபடி குறை ஒட்டுத் தட்டில் வைத்து மெதுவாகச் சுழற்ற வேண்டும். வளர்ப்பைக் கவனிக்காமல் விட்டால் குடுவை நிறைந்து பாதிச் செல்கள் சிஸ்ட்டாகிவிடும். அந்தக் கலவையில் எடுத்த ஆர்.என்.ஏ. எந்த நிலையையும் காட்டாது.

இக்தியோஸ்போரியா: கருவைப் போலப் பிளப்பவை

இன்னொரு படி தள்ளிய உறவு. இவற்றில் பல, கடல் விலங்குகளின் உடலில் வாழ்பவை. ஸ்ஃபெரோஃபோர்மா ஆர்க்டிகா வடதுருவக் கடலின் இறால்போன்ற ஓர் ஆம்ஃபிபாட் விலங்கிலிருந்து பிரிக்கப்பட்டது. ஒரே செல்லுக்குள் உட்கருக்கள் மட்டும் ஒத்த நேரத்தில் பிரிந்துகொண்டே போகும். பிறகு ஒரு கட்டத்தில் வெளிச்சவ்வு உள்நோக்கி மடிந்து, ஒவ்வோர் உட்கருவையும் சுற்றி ஒரே வீச்சில் செல் கட்டிவிடும். பழ ஈயின் கரு செய்வதும் ஏறக்குறைய இதுதான். 2019இல், செல்லை இழுத்துச் சுருக்கும் புரதங்களான ஆக்டினையும் மயோசினையும் முடக்கும் மருந்துகள் இந்தச் செல் கட்டுமானத்தைக் கலைத்ததைக் காட்டினார்கள்.

மரைன் பிராத் ஊடகம், 12 டிகிரி. பட்டினி போட்ட வளர்ப்பைப் புது ஊடகத்தில் நீர்த்தால் எல்லாச் செல்களும் ஒன்றாகப் புறப்படும்; காலவரிசையில் மாதிரி எடுக்க இது பெரிய வரம். தொல்லை இரண்டு. அறை வெப்பத்தில் நுண்ணோக்கி அடியில் வைத்தால் செல்கள் இயல்பாக நடந்துகொள்ளாது, குளிரூட்டிய மேடை கட்டாயம். அந்தச் செலவை முன்பே கணக்கில் சேருங்கள். அடுத்தது தடித்த செல்சுவர், டி.என்.ஏ.வை உள்ளே விடாது. எனவே மருந்து கொடுத்துப் படம் எடுக்கும் ஆய்வுக்கு இது அருமை. மரபணுவை நீக்கிப் பார்க்க விரும்புபவர் வேறு இடம் பார்க்கலாம். குழுவில் கிரியோலிமாக்ஸுக்குத் தற்காலிக மரபணுச் செலுத்தம் 2013இலேயே வந்தது. அருகிலுள்ள இன்னொரு கிளையில், லட்சத்தீவுப் பவளத்திட்டு நீரிலிருந்து 1987இல் விவரிக்கப்பட்ட கோரல்லோகைட்ரியத்தில் நிலையான மரபணு மாற்றமும் முடிகிறது.

இந்தக் குழுவில் இப்போது எல்லார் கண்ணும் குரோமோஸ்ஃபெரா பெர்கின்சியின் மேல். ஹவாய்க் கடல் படிவிலிருந்து வந்த, தனித்து வாழும் இனம், பெயரிடப்பட்டது 2017இல். செல் ஓர் அளவுக்கு வளர்ந்து நின்று, அதற்கு மேல் வளராமல் பிளந்து பிளந்து, கருக்கோளம்போன்ற ஒரு கூட்டமாகிறது என்று ஜெனிவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல் காட்டினார்கள். கூட்டத்தில் குறைந்தது இரண்டு வகைச் செல்கள் இருந்தன. படங்களைப் பார்த்தால் ஏதோ விலங்கின் கரு என்றே தோன்றும். ஆனால் இத்தனை தூரத்து உறவில் காணும் இந்தப் பிளவு மூதாதையிடமே இருந்ததா, இங்கே தனியாக எழுந்ததா என்பதற்குத் தீர்ப்பு இன்னும் இல்லை. மரபணுக் கருவிகள் கைவரும்வரை இதை மட்டும் நம்பி ஒரு முனைவர் பட்டத்தை நிறுத்துவது துணிச்சல்தான்.

ஈஸ்டும் வால்வாக்ஸும்

இவை வேறு கேள்விக்கான விடைகள். விலங்கு எப்படி வந்தது என்று இவை சொல்லா. பலசெல் நிலை எந்த அழுத்தத்தில், எவ்வளவு சீக்கிரம் வரக்கூடும் என்று சொல்லும். 2012இல் வெளியான சோதனையில் ரொட்டி ஈஸ்டை 10 மி.லி. ஊடகத்தில் 30 டிகிரியில் ஒரு நாள் குலுக்கி, 45 நிமிடம் அசையாமல் வைத்து, அடியில் படிந்த 100 மைக்ரோலிட்டரை மட்டும் அடுத்த குடுவைக்கு மாற்றினார்கள். 60 நாளுக்குள் பத்து வரிசைகளிலும் பனிச்செதில் வடிவக் கூட்டங்கள் வந்துவிட்டன. ஏ.சி.இ-2 மரபணு கெட்டதால் மகள் செல் தாயை விட்டுப் பிரியாததே அதன் அடிப்படை. சிறப்புக் கருவி ஏதும் வேண்டாம் என்பதால் கற்பிக்க இதைவிட மலிவான சோதனை கிடைக்காது. ஆனால் செல்சுவர் பூட்டிய உயிரியில் செல்கள் நகர்வதில்லை, மடிவதில்லை. விலங்கின் அடையாளமே அந்த அசைவு. சுமார் 2,000 உடற்செல்லும் 16 இனப்பெருக்கச் செல்லும் கொண்ட வால்வாக்ஸ் கார்டெரி என்ற பச்சைப் பாசியும் உழைப்புப் பங்கீட்டை ஆராய நேர்த்தியானது. ஆனால் பாசியின் கதையைப் பாசிக்குத்தான் பொருத்த வேண்டும்.

எதை எடுப்பது

செல்கள் ஏன் ஒட்டி நிற்கின்றன, சூழலிலுள்ள பாக்டீரியாவுக்கு அதில் என்ன பங்கு என்பது கேள்வியானால் சால்பிங்கோயிகா. கருவிகள் முழுமையாக இருப்பதால் முதல் முறை வருபவருக்கும் இதையே சொல்வேன். மரபணுக் கட்டுப்பாடு, புரத வலையமைப்பு, செல் நிலை மாற்றம் என்றால் கேப்சாஸ்போரா. செல் கட்டுமானத்தின் இயக்கவியல் என்றால், குளிர்மேடை வாங்க முடிந்தால், ஸ்ஃபெரோஃபோர்மா. திசு மடிப்பும் கூட்டு அசைவும் என்றால் கோயனேகா. மூன்று மாதத்தில் மாணவர்கள் கண்ணால் பரிணாமத்தைப் பார்க்க வேண்டும் என்றால் ஈஸ்ட்.

எதை எடுத்தாலும் இரண்டாவது குலம் ஒன்றைச் சிறிய அளவிலாவது கூடவே வளர்த்துவிடுங்கள். ஒரே இனத்தில் கண்டதை மூதாதையின் பண்பு என்று எழுதினால் இன்டெக்ரின் விவகாரம்போல் இன்னொரு மரபணுத்தொகை வந்து கவிழ்த்துவிடும். 2018இல் 19 கோயனோஃபிளாஜெலேட் இனங்களின் ஆர்.என்.ஏ.வை வாசித்தபோது, விலங்குகளுக்கே உரியவை என்று எண்ணிய 372 மரபணுக் குடும்பங்கள் அவற்றில் ஏதோ ஒன்றில் கிடைத்தன. முதலில் வாசித்த இரண்டு இனங்களும் நிறைய இழந்தவை என்பது அப்போதுதான் தெரிந்தது. சால்பிங்கோயிகாவோடு கேப்சாஸ்போரா நல்ல இணை: 22, 23 டிகிரி என்பதால் ஒரே இன்குபேட்டர் போதும். பாக்டீரியா உள்ள வளர்ப்பையும் தூய வளர்ப்பையும் ஒரே பாதுகாப்பு அறையில் தொட வேண்டியிருந்தால், கேப்சாஸ்போராவை முதலிலும் சால்பிங்கோயிகாவைக் கடைசியிலும் தொடுங்கள். இரண்டுக்கும் ஒரே ஊடகப் புட்டியைத் திறக்காதீர்கள். வளர்ப்பு வந்து சேர்ந்த வாரத்திலேயே 18எஸ் மரபணுவை வாசித்து அது நீங்கள் கேட்ட இனம்தானா என்று உறுதி செய்து, அதன் பிறகு முதல் நகலை உறையவையுங்கள்.